வால் இல்லாத ர

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று மருத்துவமனை மேலாளரோடு மறுபடி ஒரு சந்திப்பு. அவர்களுடைய புது வலைத்தளத்தில் படங்கள் முடிந்தன, நிறங்கள் முடிந்தன, எந்தப் பக்கத்துக்குப் பின் எந்தப் பக்கம் என்பதும் முடிந்தது. எழுத்துரு ஒன்றுதான் பாக்கி. அதைக் கடைசிக்கு வைத்தது என் புத்தி. முதல் நாளே பேசி முடித்திருக்க வேண்டும்.

நான் கொண்டுபோன எழுத்துருவைப் பார்த்ததும் மேலாளரின் முகம் சுருங்கிவிட்டது. "என்னம்மா இது, கணக்கு வாத்தியார் மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குது? கொஞ்சம்கூட சிரிக்காதா?" என்றார். பிறகு கைப்பேசியை எடுத்து, மகளின் கல்யாண அழைப்பிதழைக் காட்டினார். எழுத்தெல்லாம் சாய்ந்து, குழைந்து, ஒவ்வொரு சுழியிலும் ஒரு செல்லம். "இந்த மாதிரி இருக்கணும். பாத்தாலே பாதி நோய் போயிடணும்."

அழகுதான். இல்லையென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் நான் எழுத்துருவை அழகுக்காக மட்டும் எடுப்பதில்லை. மலிவான கைப்பேசியில், வெயிலில் நின்றுகொண்டு, கண்ணாடி இல்லாமல் பார்க்கிறவருக்கும் புள்ளி என்றால் புள்ளியாகவே தெரிய வேண்டும். ழவின் வயிறு அடைத்துக்கொள்ளக் கூடாது. கொம்பு பக்கத்து எழுத்தை இடிக்கக் கூடாது. இதையெல்லாம் சொன்னேன். அவர் அழைப்பிதழைப் பெரிதாக்கி மணமகள் பெயரை ரசித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் என் கூட்டாளி, "மாப்பிள்ளை" என்றார். நிரல் எழுதுகிறவர். ஒரு வேளைக்கு ஒரு சொல்தான் பேசுவார், அதனால் அலுவலகத்தில் அவருக்குச் 'சுருக்கம்' என்று பெயர். யார் மாப்பிள்ளை என்று கேட்டேன். கையால் காற்றில் ஒரு வளைவு வரைந்து காட்டினார். அந்தக் கல்யாண எழுத்தைச் சொல்கிறாராம். ஆக, அது மாப்பிள்ளை, என்னுடையது வாத்தியார்.

பிப்ரவரி 12, புதன்

மாப்பிள்ளையை எங்களிடம் இருக்கிற எல்லாக் கைப்பேசியிலும் போட்டுப் பார்த்தேன். எங்கேயும் சிதறவில்லை, உடையவில்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

பிப்ரவரி 14, வெள்ளி

தங்கைக்கு வேலை கிடைத்துவிட்டது!

போனில் அவள் குரலைக் கேட்டதும் ஏதோ விபத்து என்றுதான் நினைத்தேன், அப்படி மூச்சு வாங்கினாள். பிள்ளைகள் பிறந்த பிறகு வீட்டோடு இருந்தவள். பெரியவன் பள்ளிக்குப் போன பிறகு மறுபடியும் புத்தகத்தைத் தூக்கி, சர்க்கரை நோய்க்கென்று தனியாகப் படித்து முடித்தாள். இடையில் எத்தனை பேர் எத்தனை விதமாகச் சிரித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். இப்போது ஒரு பெரிய மருத்துவமனையில் அவளுக்கென்று ஒரு பிரிவு, ஓர் அறை. எந்த மருத்துவமனை என்று கேட்டால், நம் மாப்பிள்ளை மேலாளருடையது.

"மூணு மாசம் பாப்பாங்களாம்க்கா. நோயாளிங்க வந்தா அறை எனக்கு. இல்லேன்னா தோல் பிரிவுக்குக் குடுத்துடுவாங்களாம்."

"சர்க்கரைக்கா ஆள் வராது? வீட்டுக்கு ஒருத்தர் இருக்காங்கடி. உன் வரிசை தெருவுல நிக்கும் பாரு."

"நீ அங்கதான வேலை பண்றே? நான் உன் தங்கச்சின்னு அங்க ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. சிபாரிசுல வந்தவன்னு ஒரு பேச்சு வந்தா நான் தாங்க மாட்டேன்."

தன் தலைமேல் சத்தியம் செய்யச் சொன்னாள். போனில் எப்படித் தலையைத் தொடுவது? தொட்டேன் என்று சொன்னேன். பிறகு மெதுவாக இன்னொன்றையும் சொன்னாள். இது சரிவராவிட்டால் அவள் வீட்டுக்காரர் வேறு ஊருக்கு மாறுதல் வாங்கிக்கொள்வாராம். அங்கே போனால் இவள் மறுபடியும் வீடுதான். "இந்த ஒரு தடவைதான்க்கா" என்றாள். இவள் தனக்கென்று எதையும் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. நடக்கும். நடக்காமல் எங்கே போகும்?

பிப்ரவரி 19, புதன்

எழுத்துருவுக்கான கடைசிக் கூட்டம். மேலாளர், சுருக்கம், நான், அப்புறம் அவர்கள் அலுவலகத்தின் தட்டச்சு அக்கா. மருத்துவமனையின் கடிதம், அறிவிப்பு, கதவில் ஒட்டுகிற தாள் எல்லாம் அந்த அக்காவின் விரல் வழியாகத்தான் வெளியே வரும். பழைய டாக்டர்களின் பக்கங்கள் பழைய தளத்திலிருந்து அப்படியே புதியதற்கு வந்துவிடும். புதிதாகச் சேர்க்க வேண்டிய பக்கங்களை அக்கா அடித்துக் கொடுப்பார்.

மாப்பிள்ளையிடம் ஒரு குறையைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பெரிய திரையில் போட்டுக் காட்டினேன். ர-வுக்குக் கீழே சின்னதாக ஒரு வால் உண்டு. 'கா', 'பா' என்று எழுதும்போது பக்கத்தில் வருகிற காலுக்கு வால் கிடையாது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த வால்தான். ஆனால் மாப்பிள்ளையில் ர-வின் தலையில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள், வாலைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொள்கிறது. ரி, ரீ போட்டாலும் அப்படித்தான். அங்கே இருப்பது ர-வா, வெறும் காலா என்று கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வாத்தியார் அப்படி இல்லை. எங்கே நிறுத்தினாலும் ர-வுக்கு வால் இருக்கும்.

மேலாளர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீங்க கையால எழுதறப்போ 'ர்' எப்படி எழுதுவீங்க?" என்றார். நான் கூட்டத்துக்காக எழுதி வைத்திருந்த தாளை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஓர் இடத்தில்கூட வால் இல்லை. சுருக்கம்கூடச் சிரித்துவிட்டார். நானும்தான் சிரித்தேன், வேறென்ன செய்வது? இதோ இந்த டைரியிலும் நேற்றுவரை ஒரு 'ர்'-க்கும் வால் போட்டதில்லை.

"படிக்கிற ஜனங்களுக்குப் புரியுதில்லம்மா? அப்புறம் என்ன?"

"மனுஷங்க சரி சார். மெஷினும் படிக்குமே."

"மெஷினா நம்மகிட்ட வைத்தியத்துக்கு வருது?"

தட்டச்சு அக்கா கைதட்டாத குறை. மாப்பிள்ளைக்கு மாலை விழுந்துவிட்டது.

பிப்ரவரி 20, வியாழன்

தோற்றுப்போனேன். ஆனாலும் நான் சொன்னதுதான் சரி. பதிவுக்காக எழுதி வைக்கிறேன்.

மார்ச் 3, திங்கள்

தளம் இன்று வெளியே வந்தது. மேலாளர் எல்லோருக்கும் கேக் வெட்டினார், முதல் துண்டு எனக்கு. எழுத்துருவில் தோற்றதைத் தவிர வேறெதிலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பக்கங்கள் சட்டென்று திறக்கின்றன. முகப்பில் ஒரு தேடல் பெட்டி. உடம்புக்கு என்ன என்று அடித்தால் அதற்குரிய டாக்டரின் பக்கம் வந்து நிற்கும், அங்கேயே நேரத்தைப் பதிந்துகொள்ளலாம். நாங்கள் அடித்த மாதிரிப் பக்கங்களை வைத்துச் சுருக்கம் அதைத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சோதித்தார். "சரி" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பட்டம்.

தங்கையின் பக்கத்தையும் திறந்து பார்த்தேன். படத்தில் அவள் பல் தெரியச் சிரிக்காமல் உதட்டோடு நிறுத்திக்கொண்டிருக்கிறாள். பெயருக்குக் கீழே 'சர்க்கரை நோய் மருத்துவர்' என்று இருந்தது. மாப்பிள்ளை எழுத்தில் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. எனக்குக் கண் கலங்கியது. கேக்கில் ஏதோ தூசி என்று சுருக்கத்திடம் சொன்னேன்.

மார்ச் 13, வியாழன்

"இன்னைக்கு ஒருத்தர் வந்தார்க்கா."

"பாத்தியா! என்ன சொன்னாரு?"

"கழிவறை எந்தப் பக்கம்னு கேட்டாரு."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆரம்பம் அப்படித்தான் இருக்கும். புதுக் கடைக்கே ஆள் வர நாளாகிறது, இது டாக்டர்.

மார்ச் 22, சனி

வலைத்தளத்துக்குப் படம் எடுக்கிற சாக்கில் அவள் அறைக்குப் போனேன். யாரோ ஒரு டாக்டரைப் பார்க்கிற மாதிரி வணக்கம் வைத்தேன், அவளும் வைத்தாள். கதவைச் சாத்தியதும் இடுப்பில் கிள்ளினாள்.

அறை கண்ணாடியாகத் துலங்கியது. எடை பார்க்கிற மெஷின், சர்க்கரை பார்க்கிற கருவி, நோயாளிக்குக் காட்ட ரப்பரில் செய்த ஒரு பாதம். எல்லாவற்றையும் இந்த வாரத்தில் பலமுறை இடம் மாற்றி வைத்துவிட்டாளாம். வேறு வேலை இல்லையே. உள்நோயாளிகளில் இரண்டு பேரை வேறு டாக்டர்கள் அனுப்பியிருக்கிறார்கள். வெளியிலிருந்து, தானாக, ஒருவர்கூட வரவில்லை.

"நேத்து தோல் டாக்டர் வந்தார். ஜன்னலுக்கு எவ்ளோ நீளத்துக்குத் திரைச்சீலை வேணும்னு அளந்துட்டுப் போனார். என்கிட்டயே டேப்போட ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாரு."

"நீ பிடிச்சியா?"

"பிடிச்சேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ரப்பர் பாதத்தாலேயே அவரை உதைத்திருப்பேன்.

மார்ச் 28, வெள்ளி

மேலாளருக்குப் போன் செய்தேன். தங்கை பெயரை எடுக்காமல், புதுப் பக்கங்களெல்லாம் தேடலில் ஒழுங்காக வருகின்றனவா என்று பொதுவாகக் கேட்டேன். "ஒரு பேச்சுக்கு, சர்க்கரைன்னு போட்டுப் பாக்கச் சொல்லுங்களேன்" என்றேன். அவர் தட்டச்சு அக்காவை அடிக்கச் சொன்னார். போனிலேயே விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "முதல்லயே வந்துடுச்சு சார்" என்று அக்கா சொன்னதும் கேட்டது.

"உங்க தளத்துல ஒரு குறையும் இல்லம்மா. டாக்டர் புதுசு. அவ்வளவுதான்."

என் தளத்தில் குறை இருக்காது என்று எனக்கே தெரியும். அப்படியானால் குறை யாரிடம்? தங்கையிடமா? அந்த நினைப்பு வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அவ விடப்போறாளாம். மாசக் கடைசியில அவங்க போகச் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டுப் போறேங்கறா. அப்பத்தான் மரியாதையாம். என்ன பெரிய மரியாதை! படிச்சதெல்லாம் என்ன ஆகறது? ராத்திரி பகலாப் படிச்சாளே, சின்னவனை மடியில வச்சுக்கிட்டு ஒரு கையால எழுதுவாளே — நான் பாத்தேனே!

அழவும் மாட்டேங்கறா. அழுதாலாவது திட்டலாம். "ஜனங்களுக்கு என்மேல நம்பிக்கை வரலைக்கா, விடு" அப்படிங்கறா. உன்னைப் பாத்தாத்தானடி நம்பிக்கை வர்றதுக்கும் வராததுக்கும்? ஒருத்தரும் வந்து பாக்கவே இல்லையே?

என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தேநீரை நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். ஆறிவிட்டது.

ஒருவர்கூட வந்து பார்க்கவே இல்லை. ஏன்? நோய் இருக்கிறது, டாக்டர் இருக்கிறாள், நடுவில் இருப்பது என் தளம்.

ஏப்ரல் 5, சனி

கண்டுபிடித்துவிட்டேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் வரும்.

மதியம் தங்கையை அழைத்துவரப் போயிருந்தேன். மருத்துவமனைக்குக் கீழே வண்டி நிறுத்துகிற தளம். அங்கே இணையம் நொண்டியடிக்கும். வண்டியில் உட்கார்ந்து சும்மா இருக்க முடியாமல் அவள் பக்கத்தைத் திறந்தேன். மாப்பிள்ளை கனமான ஆள், அந்த இணையத்தில் அவரால் வந்து சேர முடியவில்லை. எழுத்துரு வராவிட்டால் கைப்பேசி தன்னிடம் இருக்கிற சாதா எழுத்தில் காட்டிவிடும். அதுவும் கிட்டத்தட்ட நம் வாத்தியார் சாதி, எல்லா ர-வுக்கும் வால் வைக்கிற வகை.

அதில் 'சர்க்கரை' என்னவோ போலத் தெரிந்தது. விரலால் பெரிதாக்கினேன். முதல் ர-வுக்கு வாலைக் காணோம். புள்ளியும் தலைமேல் உட்காராமல் பக்கத்தில் விலகி நின்றது. அடுத்த ர-வுக்கு மட்டும் ஒழுங்காக வால். 'மருத்துவர்' என்பதிலும் கடைசி எழுத்துக்கு வால் இல்லை.

ர்-ஏ இல்லை அது. கால். தட்டச்சு அக்கா ச-வுக்குப் பக்கத்தில் ஒரு காலைப் போட்டு, அந்தக் காலின் தலையில் புள்ளி வைத்திருக்கிறார். கண்ணுக்கு அது ர். மெஷினுக்கு அது 'சா', அதன்மேல் ஒரு புள்ளி. அப்படி ஒரு சொல்லை உலகத்தில் யார் தேடுவார்கள்?

தேடல் பெட்டியில் என் கைப்பேசியாலேயே 'சர்க்கரை' என்று அடித்தேன். 'மன்னிக்கவும், நீங்கள் தேடியது எங்களிடம் இல்லை' என்று வந்தது. பணிவாக இருக்கட்டும் என்று அந்த வாக்கியத்தை எழுதியதே நான்தான்.

இத்தனை நாளாக ஊரில் இருக்கிற சர்க்கரைக்காரர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, பணிவாக, வேறு மருத்துவமனைக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். நானோ அவளோ இதுவரை தேடிப் பார்த்ததே இல்லை, இரண்டு பேரிடமும் நேரே திறக்கிற இணைப்பு இருந்தது. தட்டச்சு அக்கா தேடினபோது எப்படி வந்தது? அவர் விரல் தேடும்போதும் அதே காலைத்தானே போடும்! அவர் நாற்காலியில் உட்கார்ந்து தேடினால் மட்டும் என் தங்கை கிடைப்பாள்.

தங்கை வந்து வண்டியில் ஏறினாள். "என்னக்கா, பேய் அறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றாள். காட்டினேன். ரொம்ப நேரம் அந்தப் பணிவான வாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ யாரும் என்னை வேண்டாம்னு சொல்லலையா?" என்று கேட்டாள். அப்புறம்தான் அழுதாள். நானும். வண்டி எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் முதல் ஆளாக மேலாளர் அறையில் இருந்தேன். நானும் சுருக்கமும் தளத்தின் ஒரு பிரதியில் மாப்பிள்ளையை எடுத்துவிட்டு வாத்தியாரைப் போட்டுக்கொண்டு போயிருந்தோம். பெரிய திரையில் திறந்ததும் மேலாளர் பதறிவிட்டார். புதுப் பக்கங்கள் முழுக்க வாலறுந்த ர், கோணலாகத் தொங்குகிற புள்ளி. மருத்துவர், செவிலியர், பணியாளர் என்று தமிழில் யாருக்கு மரியாதை கொடுத்தாலும் கடைசியில் 'ர்' வந்துதானே ஆக வேண்டும். அத்தனை பேருடைய மரியாதையிலும் ஓட்டை.

"நான் அப்பவே சொன்னேன்ல, இந்த எழுத்து வேண்டாம்னு! பாருங்க, எல்லாத்தையும் கெடுத்து வச்சிருக்கு. பழசுல எவ்வளவு அழகா இருந்துச்சு!"

சுருக்கம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சிரிக்கிற நேரமில்லை.

"சார், பழசுலயும் இதேதான் இருந்துச்சு. மாப்பிள்ளை மூடி மறைச்சாரு. வாத்தியார் போட்டுக் குடுக்கறாரு."

"யாரு மாப்பிள்ளை?"

அது வாய் தவறி வந்துவிட்டது. விளக்காமல், அவர் கைப்பேசியிலேயே 'சர்க்கரை' என்று தேடச் சொன்னேன். அடித்தார். மன்னிப்பு வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி அடித்தார். மறுபடியும் மன்னிப்பு. தட்டச்சு அக்காவைக் கூப்பிட்டார், அவர் தன் கணினியில் அடித்தார், தங்கையின் முகம் வந்தது. மேலாளர் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நானே ஒரு சர்க்கரைக்காரன்மா. எட்டு வருஷமா வேற எங்கயோ போய்ப் பாத்துக்கிட்டிருக்கேன். என் ஆஸ்பத்திரியிலயே டாக்டர் வந்த பிறகும் நானே போகலையே" என்றார்.

தட்டச்சு அக்காவின் முகம் கறுத்துப் போயிருந்தது. "நான் வேலைக்குச் சேந்த நாள்லேருந்து இப்படித்தான் அடிக்கிறேன். டைப்ரைட்டர்லயே எங்களுக்குக் காலைப் போட்டுப் புள்ளி வைக்கத்தான் சொல்லிக் குடுத்தாங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு குத்தம் சொன்னதில்ல."

"காகிதத்துல நீங்க அடிச்சது தப்பே இல்லக்கா. காகிதம் யாரையும் தேடாது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றேன். அவர் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "இதையே வச்சிருங்க. இதுல பாத்தாத்தான் எங்கெங்க விட்டிருக்கேன்னு தெரியுது" என்று வாத்தியாரைக் காட்டிச் சொன்னார். கூட்டத்தில் என் கட்சிக்கு விழுந்த முதல் ஓட்டு.

மேலாளர் கடைசியாக ஒன்று கேட்டார். முகப்பில் மருத்துவமனையின் பெயரை மட்டும் மாப்பிள்ளையில் வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளட்டும். வாசலில் நின்று வரவேற்க மாப்பிள்ளைதான் பொருத்தம். உள்ளே வேலையெல்லாம் வாத்தியார் பார்த்துக்கொள்வார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இனிமேல் யார் காலைப் போட்டுப் புள்ளி வைத்தாலும் தேடல் அதை ர்-ஆகவே எடுத்துக்கொள்ளும்படி சுருக்கம் மாற்றிவிட்டார். எல்லாம் முடிந்ததா என்று கேட்டேன். "முடிந்தது, நீங்கள் சொன்னது சரி" என்றார். எண்ணிப் பார்த்தேன், நான்கு சொற்கள்.

தட்டச்சு அக்கா பக்கங்களைத் திருத்தி முடித்துவிட்டுப் போன் செய்தார். வைக்கிறதற்கு முன், "உங்க தங்கச்சி பக்கத்தைத்தான் முதல்ல திருத்தினேன்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "மூக்கைப் பாத்தாலே தெரியாதா? அந்தப் பொண்ணு சேந்த அன்னைக்கே தெரியும். எனக்கு எதுக்கு வம்புன்னு இருந்தேன்" என்றார். சத்தியத்தை நான் உடைக்கவில்லை. மூக்குதான் உடைத்தது.

ஏப்ரல் 16, புதன்

இன்று இரண்டு பேர். கழிவறை கேட்டு வரவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

மாசக் கடைசியில் விட்டுவிடுவேன் என்றவளிடம் இன்று காலை "என்னடி, விடறியா?" என்று சும்மா கேட்டு வைத்தேன். "எதை?" என்றாள். போனுக்கு அந்தப் பக்கம் யாரோ பாதத்தில் எரிச்சல் என்று சொல்வது கேட்டது. "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். அப்புறம் பேசவில்லை. எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை.

மே 15, வியாழன்

மேலாளருக்கு ஒரு சின்ன வேலை இருந்தது, முடித்துக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனேன். தங்கையோடு மத்தியானம் சாப்பிடலாம் என்று எண்ணம். அவள் அறைக்கு வெளியே நீளமாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கடைசியில் ஒன்றுதான் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். எனக்கு இந்தப் பக்கம் இருந்த அம்மா, பழத்தை எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் புலம்பிக்கொண்டிருந்தார். அவர் தனக்கு ஒரு கொய்யா மட்டும் அனுமதி கிடைத்ததைப் பெருமையாகச் சொன்னார்.

கதவு திறந்தது. தங்கை எட்டிப் பார்த்தாள். கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது, கையுறையில் ஒன்றைக் கழற்ற மறந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். பார்த்ததும் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, இந்தத் தடவை உதட்டோடு நிற்கவில்லை. பிறகு எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்து, "நீங்க வாங்கம்மா" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

கொய்யாக்காரர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எவ்வளவும்மா இருக்கு?"

"எனக்குச் சர்க்கரை இல்லீங்க."

"அப்ப எதுக்கு உக்காந்திருக்கீங்க? பாருங்க, பாவம், அந்தப் பெரியவர் எவ்வளவு நேரமா நின்னுக்கிட்டிருக்கார்."

சுவரோரமாக ஒருவர், கையில் பரிசோதனைத் தாளோடு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். எழுந்து அவருக்கு இடம் விட்டேன். அலுவலகத்துக்கு வந்து தனியாகத்தான் சாப்பிட்டேன்.